அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸை மாணவர் பட்ஜெட்டில் மூன்று நாள் சுற்றிப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டு வர முடியுமா?

கேட்டவர் அட்லாண்டாவில் படிக்கும் மாணவர். நண்பர் ஒருவருடன் வெள்ளி முதல் ஞாயிறு வரை போகிறாராம். பயணமும் அறை வாடகையும் போக ஆளுக்கு 150 டாலர் கையில் இருக்கிறது, போதுமா என்று கேட்டிருக்கிறார்.

போதும். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வெள்ளிக்குப் பதில் சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, திங்கள்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிறு இரவு அறை வாடகை பொதுவாகக் குறைவு. திங்கள்கிழமைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். காரில் ஐந்தரை, ஆறு மணி நேரம். இதுவரை ஐந்து முறை போய்விட்டேன். முதல் முறை ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் அழைத்துப் போனேன். காரை எடுத்துக்கொண்டு, நகரத்தின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டருக்குள்ளேயே ஒரு விடுதியில் தங்கினோம். கார் நிறுத்த ராத்திரிக்கு வாங்கிய கட்டணத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்தப் பணத்தில் மூன்று பேர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டிருக்கலாம். நீங்கள் பஸ்ஸிலோ விமானத்திலோ போங்கள். இந்த ஊருக்குக் கார் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 202ஆம் எண் பஸ்ஸில் 1.25 டாலர், டாக்சியில் 36 டாலர். பஸ் அடிக்கடி வராது, அதனால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு டிராம் பாதையை ஒட்டிய மிட்-சிட்டி பக்கம் பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஊரின் நல்ல சாப்பாடு பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள் உண்டாக்கியது. அங்கே குறைந்த செலவில் சாப்பிட்டால் எதையும் இழந்ததாக ஆகாது. உண்மையான சாப்பாட்டைச் சாப்பிட்டதாகத்தான் ஆகும்.

போ'பாய் சாண்ட்விச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ட்டின் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு சகோதரர்கள் அப்போது ஓர் உணவுக்கடை வைத்திருந்தார்கள். அவர்களும் முன்பு டிராமில் வேலை பார்த்தவர்கள்தான். போராட்டக்காரர் யார் வந்தாலும் காசு வாங்காமல் சாண்ட்விச் கொடுத்தார்கள். அப்படி ஒருவர் வரும்போதெல்லாம் 'இதோ இன்னொரு பாவப்பட்ட பையன்' என்று சொல்லப்போய், அந்த 'புவர் பாய்'தான் 'போ'பாய்' ஆனது என்பது அந்த ஊர்க் கதை. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு போன்ற நீள பிரெஞ்சு ரொட்டி. அதற்குள் பொரித்த இறாலோ மீனோ. ஆர்டர் எடுப்பவர் 'டிரெஸ்டு?' என்று கேட்பார். லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய், மயோனைஸ் எல்லாம் வைக்கவா என்று அர்த்தம், ஆமாம் என்று சொல்லுங்கள். முழு அளவு 15 டாலர் சுமாருக்கு வரும். அது ஒரு அடி நீளம் இருக்கும், இரண்டு பேருக்குத் தாராளம். நகரத்தின் கிழக்கே 1975க்குப் பிறகு குடியேறிய வியட்நாம் மக்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய பான் மீ சாண்ட்விச்சை ஊர்க்காரர்கள் 'வியட்நாம் போ'பாய்' என்றே சொல்வார்கள். அது இன்னும் மலிவு. ஆனால் மூன்று நாளில் அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கம்போ. இந்தப் பெயர் ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவத்தில் உண்டான குழம்பு. எண்ணெயில் மாவைப் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை கை எடுக்காமல் கிளறி, அதில் வெங்காயம், குடைமிளகாய், செலரி, வெண்டைக்காய், கோழி அல்லது இறால் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். ஆமாம், சோறுதான். அப்பா முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, "புளி போட மறந்துட்டாங்க, மத்தபடி குழம்புதான்" என்றார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். பெரிய அளவு வாங்க வேண்டாம், ஒரு 'கப்' வாங்கினால் போதும்.

சைவம் என்றால் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பீன்ஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். கீரை கம்போ என்பார்கள், அதிலும் பல கடைகளில் இறைச்சி சேரும். கூச்சப்படாமல் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

இப்போது திங்கள்கிழமைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அங்கே திங்கள்தான் துணி துவைக்கும் நாள். வீட்டுப் பெண்கள் அடுப்புப் பக்கம் நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய எலும்போடு சிவப்பு பீன்ஸைச் சிறு தீயில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போவார்கள். சாயங்காலம் வந்தால் அது குழைந்து, சோற்றுக்குப் பிசைந்துகொள்ளும் பக்குவத்தில் இருக்கும். இன்றைக்குத் துவைக்க மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் திங்கள்கிழமை பீன்ஸ் போகவில்லை. அன்று பல கடைகளில் பத்து, பன்னிரண்டு டாலருக்கு ஒரு தட்டு நிறைய சிவப்பு பீன்ஸும் சோறும் கிடைக்கும். அந்த ஊரில் பிறந்த ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கடிதம் எழுதினால் அடியில் 'சிவப்பு பீன்ஸும் சோறுமாக, உங்கள்' என்கிற மாதிரி எழுதித்தான் கையெழுத்துப் போடுவாராம். அதைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு கஃபே டு மோண்ட் என்ற காபிக் கடை. 1862இலிருந்து இருக்கிறது. மூன்று பெயினே நாலு டாலர் சுமாருக்குக் கிடைக்கும். சதுரமாகப் பொரித்த மாவுப் பண்டம், மேலே சர்க்கரைப் பொடியை மலையாகக் கொட்டியிருப்பார்கள். கடிக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள், பொடி நேராகத் தொண்டையில் ஏறும். கறுப்புச் சட்டையும் வேண்டாம். ஆனால் எனக்கு மறக்காதது அந்தக் காபிதான். 1860களின் உள்நாட்டுப் போரில் வடக்குக் கடற்படை துறைமுகத்தை அடைத்ததும் காபிக்கொட்டை வருவது குறைந்தது. பிரான்சில் ஏற்கெனவே இருந்த வழக்கப்படி சிக்கரி வேரை வறுத்து அரைத்துக் கலந்து சமாளித்தார்கள். போர் முடிந்தும் நாக்கு அந்த ருசியை விடவில்லை. அம்மா அமெரிக்காவுக்கு வந்து ஆறு வாரம் ஆகியும் ஒரு காபியைக்கூட முழுதாகக் குடித்ததில்லை. அங்கே பாதிப் பால் பாதி டிகாக்ஷனாக வந்த கோப்பையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குடிக்காமல் கொஞ்ச நேரம் மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னொண்ணு சொல்லிடு" என்றார். முதல் கோப்பையில் இன்னும் வாயே வைக்கவில்லை.

ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் வரிசை நீளம். சிட்டி பார்க்கிலும் அவர்களுடைய கிளை இருக்கிறது. எப்படியும் அந்தப் பூங்காவுக்குப் போகத்தான் வேண்டும். அங்கே சிற்பத் தோட்டம் இலவசம். பழைய ஓக் மரம் ஒன்றில் ஐந்து சுரங்களுக்குச் சுருதி சேர்த்த பெரிய பெரிய காற்றுமணிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது காற்று அடித்தும் விட்டும் இருந்தது. அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, மோகனம் மாதிரி இருக்கிறது என்றார். அரை மணி நேரம் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை.

சுற்றுவதற்கு நாள் பாஸ் 3 டாலர். பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அது செல்லும். செயின்ட் சார்ல்ஸ் டிராம் பாதை 1835இல் தொடங்கியது. உலகிலேயே நிற்காமல் நெடுங்காலமாக ஓடும் பாதைகளில் ஒன்று. இப்போது ஓடும் பச்சை வண்டிகள் 1920களில் செய்தவை. மர இருக்கை, ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாம். பெரிய பெரிய மாளிகைகளுக்கு முன்னால், ஓக் மரங்களின் நிழலில் மெதுவாகப் போகும். மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசிய பாசிமணி மாலைகள் இன்னும் கிளைகளில் தொங்கும். சுற்றுலா வண்டியில் நிறையப் பணம் கொடுத்துப் பார்ப்பதை அந்தப் பாஸிலேயே பார்த்துவிடலாம்.

பிரெஞ்சு குவார்ட்டரில் நடந்தே பாருங்கள். பெயர்தான் பிரெஞ்சு. 1788, 1794 தீ விபத்துகளில் பழைய வீடுகள் பெரும்பாலும் எரிந்துபோய், ஸ்பெயின் ஆட்சியில் திரும்பக் கட்டியவைதான் நிறைய. உள்முற்றம் வைத்த வீடுகளைப் பார்த்தால் தெரியும். ராயல் தெருவில் ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்ஷன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். ஊர்க் கதை முழுவதையும் அங்கே தெரிந்துகொள்ளலாம். குடிவிடுதிகள் நிறைந்த போர்பன் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள், அங்கே சாப்பிட உட்கார வேண்டாம்.

காங்கோ சதுக்கத்துக்குக் கட்டாயம் போங்கள். குவார்ட்டரை ஒட்டியே, ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி, தங்கள் ஊர்த் தாளத்தைக் கொட்டி ஆடினார்கள், கொண்டுவந்த பொருட்களை விற்றார்கள். பின்னால் ஜாஸ் பிறந்ததற்கு அந்தத் தாளமும் ஒரு வேர். இன்று பார்த்தால் கல் பாவிய வெறும் தரைதான். நான் ஒவ்வொரு முறையும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

இசைக்கு ஒரு இடத்தில் மட்டும் பணம் செலவழியுங்கள். பிரிசர்வேஷன் ஹால், 1961இலிருந்து நடக்கிறது. முப்பது டாலருக்குக் கிட்ட வரும், நாளைப் பொறுத்துக் கூடும். முக்கால் மணி நேரம்தான் வாசிப்பார்கள். சின்ன அறை, பெஞ்சு, சாப்பாடும் கிடையாது, குடியும் கிடையாது. டிராம்போன் முகத்துக்கு நேரே நீண்டு நிற்கும். மற்ற ராத்திரிகளில் ஃபிரெஞ்ச்மென் தெரு மூலையில் பித்தளை வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள், நின்று கேட்கலாம். வாளியில் ஐந்து டாலராவது போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், அவர்களுக்கு அதுதான் வருமானம்.

ஒரு நாளைக்குச் சாப்பாடு, பாஸ், வரி, டிப்ஸ், வாளியில் போடுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 40 டாலருக்குள் எங்களுக்கு வந்தது. மூன்று நாளைக்கு 120, மேலே அந்தக் கச்சேரி. ஜூலை, ஆகஸ்ட்டில் அறை மலிவு, ஆனால் புழுக்கம் சென்னை மாதிரியே இருக்கும். அது புயல் காலமும்கூட. 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா வந்து நகரத்தின் எண்பது சதவீதம் தண்ணீரில் நின்றது. ஏப்ரலில் பிரெஞ்சு குவார்ட்டர் திருவிழாவில் கச்சேரிகள் இலவசம், ஆனால் அறை விலை ஏறிவிடும்.

பிரெஞ்சு மார்க்கெட் பக்கம் ப்ராலின் வாங்குங்கள். பீக்கன் பருப்பைச் சர்க்கரைப் பாகில் போட்ட மிட்டாய், நம்ம ஊர் கடலை மிட்டாய்க்கு மென்மையான உறவு. அம்மா நாலு வாங்கியபோது கடைக்காரம்மா பொட்டலத்தில் ஐந்தாவதாக ஒன்றைப் போட்டு, "லான்யாப்" என்று சிரித்தார். கடையில் வாங்கியதற்கு மேல் கையில் தரும் சின்னதுக்கு அந்த ஊரில் இப்படியொரு சொல் இருக்கிறது. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அம்மா, "கொசுறுடா" என்றார்.

ஞாயிறு சாயங்காலம், ஆற்றின் அக்கரையில் இருக்கும் அல்ஜியர்ஸ் பகுதிக்குப் போகும் படகில் ஏறுங்கள். போக 2 டாலர், வர 2 டாலர். மிசிசிப்பி நடுவில் வெயில் சாயும்போது ஜாக்சன் சதுக்கத்துக் கதீட்ரலின் மூன்று கோபுரமும் தெரியும். அக்கரையில் இறங்கினால் கரைமேட்டில் நடந்துகொண்டே ஊரைப் பார்க்கலாம். இறங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் பாலம் சுற்றி டாக்சியில்தான் வர வேண்டும்.