பெண் ஃபைட்டர் மீன்கள் ஒரே தொட்டியில்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ஃபைட்டர் என்று நாம் சொல்லும் பெட்டா மீனைப் பற்றியவை. அதிலும் பெண் மீன்களைக் கூட்டமாக வளர்ப்பது பற்றி. அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில் என் மகளுக்காக மூன்று பெண் ஃபைட்டர் வாங்கினேன். ஒன்று 80 ரூபாய். "ஆண்தான் சார் சண்டை போடும், பொண்ணுங்க எத்தனை விட்டாலும் ஒத்துமையா இருக்கும்" என்றார் கடைக்காரர். ஒரு அடி நீளத் தொட்டியும் அவரே கொடுத்தார். நான்காம் நாள் ஒரு மீனுக்கு வால் பாதி இல்லை. இன்னொன்று ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சாப்பிடவே வருவதில்லை. போன் செய்தால், நான் சாப்பாடு சரியாகப் போடவில்லை என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம். இன்றைக்கே மூன்றையும் பிரித்துவிடுங்கள். வீட்டில் ஐந்து லிட்டர் பிடிக்கிற சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவோ ஊறுகாய் ஜாடியோ இருந்தால் போதும், ஆனால் சோப்புப் பட்டிருக்கக் கூடாது. பெட்டா வெளிக்காற்றையும் மூச்சாக இழுக்கும் மீன். தலைக்குள்ளே, செவுளுக்கு மேலே அதற்கென்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதனால் சில நாட்கள் ஏர் பம்ப் இல்லாமலே சமாளிக்கும். எம்பிக் குதிக்கும் என்பதால் மேலே ஓட்டை போட்ட மூடி வேண்டும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். தண்ணீர் சுத்தமாக இருந்தாலே வால் திரும்ப வளரும். ஓரத்தில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு விளிம்பு தெரிந்தால் அது புது வால். ஓரம் கறுத்தோ பஞ்சு மாதிரி வெளுத்தோ போனால்தான் வைத்தியம் தேவை.

கடைக்காரர் சொன்னது தவறு. பெண் பெட்டாவும் சண்டை போடும். ஆணை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இந்த மீனின் பூர்வீகம் தாய்லாந்து. அங்கே வயல், வாய்க்கால், சேற்றுக் குட்டைகளில் வாழ்வது. நம் கடலூர் பக்கத்து நெல் வயலில் முழங்கால் ஆழத் தண்ணீரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே அடிபட்ட மீன் புல்லுக்குள் புகுந்து பத்தடி தள்ளிப் போய்விடும், துரத்திய மீனும் அதோடு விட்டுவிடும். ஒரு அடித் தொட்டியில் எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணாடி. அதற்கு மேல், தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட மீன் இது. சாப்பாட்டைக் கூட்டினால் அந்தக் குணம் மாறாது.

மூன்று என்ற எண்ணிக்கையும் தவறு. ஒன்று தலைமை எடுக்கும், இரண்டாவது தாக்குப்பிடிக்கும், மூன்றாவதுதான் எல்லா அடியையும் வாங்கும். உங்கள் கடிதத்தில் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருப்பது அந்த மூன்றாவது மீன். அதன் உடம்பில் தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் இருண்ட கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பயத்தில் வரும் கோடு அது. வாலில் அரைவட்டமாகக் கடித்து எடுத்த மாதிரி இருந்தால் சந்தேகமே இல்லை.

இனி பணம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் சொத்து எல்லாமே பொருள்தான். கடையில் விற்கும் மீனும் அதில் அடங்கும். பில் தராமல் விற்பது முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மீன்கள் நோயாளிகள் அல்ல, கடைக்காரர் சொன்ன வார்த்தைதான் பொய். வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் இப்போதே அவருக்கு வாட்ஸப்பில் எழுதுங்கள்: "இத்தனாம் தேதி மூன்று பெண் மீனும் இந்தத் தொட்டியும் வாங்கினேன், சேர்த்து வளர்க்கலாம் என்று சொன்னீர்கள், இன்று நிலைமை இது." படத்தையும் அனுப்புங்கள். அவர் என்ன பதில் போட்டாலும் அது எழுத்தில் இருக்கும். இரண்டு மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பல கடைக்காரர்கள் இந்த அளவிலேயே ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை புதுச்சேரியில் இருக்கிறதே, யூனியன் பிரதேசம் ஆயிற்றே, வழக்கென்றால் அங்கே அலைய வேண்டுமா என்று நினைக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க இப்போதைய சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம். 240 ரூபாய்க்காக ஆணையம் வரை போகச் சொல்லவில்லை. ஆனால் போக முடியும் என்று தெரிந்தவர் போனில் பேசும்போது குரலே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். முறைப்படியே செய்ய ஆசை. ஐந்து பெண் பெட்டா வைக்க என்னென்ன வாங்க வேண்டும்? (லாஸ்பேட்டை)

பதில்: தம்பி, மீனைக் கடைசியாக வாங்குங்கள். எல்லோரும் முதலில் மீனை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதற்கேற்ற தொட்டி தேடுகிறார்கள்.

இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 75 லிட்டர். நம் கடைகளில் அடிக் கணக்கில்தான் பேசுவார்கள். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்று கேளுங்கள். முழுக் கொள்ளளவு 88 லிட்டர் வரும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 75 லிட்டருக்குக் குறையாது. உயரத்தை விட நீளம்தான் முக்கியம், ஓடுவதற்கு இடம் வேண்டும். கல், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். படிக்கிற மேசை மேல் வைக்காதீர்கள். ஹீட்டர் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம். மே மாதத்தில் தண்ணீர் சூடாகிவிடுவதுதான் இங்கே கவலை. ஜன்னல் வெயில் படாத இடமாகப் பாருங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகை போதும், நீரோட்டம் வேகமாக இருந்தால் பெட்டாவுக்குப் பிடிக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது மாதிரி மின்சாரம் இல்லாத நாட்களில் பெட்டா பிழைத்துக்கொள்ளும், ஸ்பாஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியா காற்றில்லாமல் செத்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பாக்டீரியாதான் தொட்டிக்கு உயிர். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். இந்த பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யம் காட்டும்வரை மீன் வேண்டாம். செடி வளரவும் அந்த நாட்கள் உதவும்.

செடியில் கஞ்சத்தனம் கூடாது. ஹைட்ரில்லா, ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா, மேலே மிதக்க ஆகாயத்தாமரை. குட்டையிலிருந்து எடுத்து வருவதாக இருந்தால் தனி வாளியில் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள், தும்பிப் புழு ஒளிந்து வரும். போதுமான செடி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: தொட்டியின் ஒரு முனைக் கண்ணாடியில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். மறுமுனை தெரிந்தால் செடி போதாது. ஒரு பெட்டா இன்னொன்றைப் பார்க்காமல் இருந்தால்தான் துரத்துவதை நிறுத்தும்.

மீனை ஒரே இடத்தில், ஒரே வயதில், முடிந்தால் ஒரே குஞ்சுக் கூட்டத்திலிருந்து ஐந்தோ ஆறோ எடுங்கள். மூன்று வாரம் தனித்தனி டப்பாவில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்தபின், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விடுங்கள். முதல் ஒரு வாரம் கொஞ்சம் துரத்தலும் செவுள் விரிப்பும் இருக்கும், அது சகஜம். தீவனத்தை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். சாப்பிட வராத மீன் எது என்று தினமும் எண்ணுங்கள். அதுதான் அடி வாங்கும் மீன்.

இவ்வளவும் செய்தாலும் உத்தரவாதம் கிடையாது. என் வீட்டில் ஆறு பெண் மீன்கள் நான்கு மாதம் அமைதியாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் நீல நிறத்தது செடிக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. முந்தின இரவு தீவனம் சாப்பிட வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதிலிருந்துதான் எண்ணும் பழக்கம் வந்தது. ஆகவே உங்கள் பட்ஜெட்டில் கடைசி வரி இதுவாக இருக்கட்டும்: ஐந்து மீனுக்கு ஐந்து காலி டப்பா. அவற்றை வைக்க இடமில்லை என்றால் ஒரே ஒரு பெட்டாவை இருபது லிட்டர் தொட்டியில் அழகாக வளர்க்கலாம். வீட்டில் வைத்திருக்க முடியாத மீனை ஊசுடு ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடக் கூடாது. அது இந்த மண்ணின் மீன் இல்லை.

கேள்வி: கடையில் வால் குட்டையாக இருப்பதெல்லாம் பெண் என்கிறார்கள். நம்பலாமா? (வில்லியனூர்)

பதில்: நம்பாதீர்கள். பிளாக்கெட் என்ற வகையில் ஆணுக்கும் வால் குட்டை. வளராத இளம் ஆண்களும் பெண் மாதிரியே இருக்கும். ஐந்து பெண்ணுக்கு நடுவே இப்படி ஓர் ஆண் போனால் தொட்டி போர்க்களம்.

மீன் இருக்கும் கப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். வயிற்றுக்குக் கீழே, முன்னால் தொங்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னால், ரவை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் அது முட்டையிடும் குழாய். சில இளம் ஆண்களுக்கும் அது இருக்கும் என்பதால் இதோடு விடாதீர்கள். போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டினால், வெளிர் நிற மீன்களில் வயிற்றுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு முக்கோணம் தெரியும். அது சினைப்பை. அப்புறம் சின்னக் கண்ணாடி ஒன்றைக் காட்டுங்கள். செவுளை விரிக்கும்போது அடியில் தாடி மாதிரி ஒரு சவ்வு பெரிதாக வெளியே வந்தால் அது ஆண். பெண்ணுக்கு அது சின்னதாக, வந்தும் வராததுமாக இருக்கும்.

பில்லில் "பெண் பெட்டா 5" என்று எழுதி வாங்குங்கள். வெறும் "மீன் 5" என்று இருந்தால், பிறகு ஆண் என்று தெரியும்போது உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கேள்வி: பெண் பெட்டாக்களோடு கப்பி விடலாமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: வேண்டாம். ஆண் கப்பியின் நீண்ட வண்ண வாலைப் பார்த்தால் கடிக்கும்.

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் ஊற்றலாமா? (அரியாங்குப்பம்)

பதில்: கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர். அதை மட்டுமே ஊற்றினால் தாது உப்பு மிகக் குறைந்துவிடும், பி.ஹெச். (தண்ணீரின் அமில, கார அளவு) நிலையாக நிற்காது. கடலோரத்து போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் அதற்கு நேர்மாறு. குழாய்த் தண்ணீர் வருகிற வீடென்றால் அதைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தோ, ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ பயன்படுத்துங்கள். இல்லையென்றால் போர்வெல்லில் பாதி, கேனில் பாதி கலந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் ஊற்றுங்கள். தண்ணீர் அடிக்கடி மாறுவதுதான் பெட்டாவைப் படுத்தும்.

கடையில் பாக்கெட் போட்டு விற்கும் "இந்தியன் ஆல்மண்ட் லீஃப்" வேறு எதுவும் இல்லை, நம் தெருவில் நிற்கும் நாட்டு வாதாம் மரத்தின் இலைதான். தானாகக் காய்ந்து பழுப்பாகி விழுந்த இலையாக, புகையும் பூச்சிமருந்தும் படாத மரத்திலிருந்து எடுத்து, கழுவி, தொட்டிக்கு இரண்டு போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். பெட்டாவுக்கு அது இதம். சின்ன மீன் அதற்கடியில் ஒளிந்தும் கொள்ளும்.

கேள்வி: இணையத்தில் ஆறு பெண் பெட்டா ஆர்டர் செய்தேன். கூரியரில் வந்ததில் இரண்டு செத்திருந்தன. கவரைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிய பிறகுதான் கவனித்தேன். விற்றவர் பணம் தர மறுக்கிறார். (முத்தியால்பேட்டை)

பதில்: விற்றவருடைய நிபந்தனையை முதலில் தேடிப் படியுங்கள். உயிரோடு வந்து சேரும் என்று உறுதி கொடுக்கும் பலர், கவரைப் பிரிக்காமல், பெட்டியைத் திறப்பதிலிருந்து வெட்டாமல் எடுத்த வீடியோவை வந்த சில மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்வார்கள். உங்களிடம் அது இல்லை என்பது உங்களுக்குப் பாதகம்தான். ஆனாலும் கூரியர் வந்த நேரம், செத்த மீனின் படம், நீங்கள் அனுப்பிய முதல் செய்தியின் நேரம் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் அதுவும் சான்றுதான். இணைய வணிகத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மிச்சமுள்ள நான்கையும் ஒன்றாக விட்டுவிட்டீர்களா என்று எழுதவில்லை. விட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பயணக் களைப்பில் முதல் இரண்டு நாள் அமைதியாக இருக்கும், தெம்பு வந்ததும் ஆரம்பிக்கும். செத்த மீன்களோடு ஒரே பெட்டியில் வந்தவை என்பதால் மூன்று வாரம் தனித்தனியாக வைத்து, உடம்பில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளியோ தங்கத் தூள் மாதிரி மினுமினுப்போ வருகிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டுமே தொற்றும் நோய்.