பைபிள் மரண தண்டனையை ஏற்கிறதா?

ஏற்கும் வசனங்கள் இருக்கின்றன; மறைக்க வேண்டியதில்லை. மனித இரத்தத்தைச் சிந்துகிறவனின் இரத்தமும் மனிதனால் சிந்தப்படும் என்கிறது பைபிளின் முதல் புத்தகமான தொடக்க நூல் 9:6. ஆள்பவர் வாளை வீணாக ஏந்தவில்லை என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதுகிறார் (13:4).

ஆனால் அதே தொடக்க நூலில், தம்பியைக் கொன்ற காயினைக் கடவுள் நாடோடியாக அலையவிடுகிறார், கொல்லவில்லை. வேறு யாரும் அவனைக் கொன்றுவிடாதபடி அடையாளமும் இடுகிறார். முதல் கொலைக்குக் கிடைத்த தீர்ப்பு இது. தூக்கைக் கேட்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது எனக்குப் பெரிய ஆதங்கம். யோவான் 8-இல், கல்லெறிந்து கொல்லப்பட இருந்த பெண்ணின் முன் இயேசு குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார். பாவமில்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்கிறார். முதியவர் தொடங்கி ஒவ்வொருவராக நழுவுகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் இத்தண்டனையை அனுமதித்தது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியைத் திருத்தி, ஏற்கவே முடியாதது என்றாக்கினார்.

புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயிலில் புனித வெள்ளியன்று சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்போம். முத்தமிட்டு முத்தமிட்டு, ஆணி அறைந்த அந்தப் பாதங்களில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. குற்றம் எதுவும் காணவில்லை என்று சொன்ன ஆளுநர் பிலாத்துவே மரண தண்டனைக்குக் கையளித்த இயேசுவின் பாதங்கள் அவை.