மைத்துனர் மதிப்பீட்டுக் குழுவில் இருந்தால்: பாதுகாப்பு டெண்டரில் எதை, எப்போது எழுதித் தர வேண்டும்?

கேள்வி: கோவையில் துல்லிய உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றின் டெண்டரில், ஏறத்தாழ மூன்று கோடி ரூபாய் வேலைக்கு விலைப்புள்ளி கொடுக்கவிருக்கிறோம். என் மனைவியின் அண்ணன் அங்கே விஞ்ஞானி. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் தன் பெயர் வரக்கூடும் என்கிறார். எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இந்த உறவை எழுதித் தெரிவிக்க வேண்டுமா? தெரிவித்தால் எங்களை நீக்கிவிடுவார்களா? அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றதும் அவர் எங்களிடம் ஆலோசகராகச் சேரலாம் என்றும் வீட்டில் பேச்சு இருக்கிறது.

பதில்: உறவைத் தெரிவியுங்கள், அதையும் விலைப்புள்ளியோடு சேர்த்தே தெரிவியுங்கள். ஆனால் நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த வாக்கியம்தான், கேட்ட இரண்டு கேள்விகளையும் விடக் கனமானது என்பதால், அதற்குப் பிறகு விரிவாக வருகிறேன்.

முதலில் உறவு. அரசுக் கொள்முதலில், லஞ்சம் தரவோ பெறவோ மாட்டோம் என்று இரு தரப்பும் கையெழுத்திடும் நேர்மை உடன்படிக்கைகளின் வழக்கமான வாசகம், வாங்கும் அலுவலகத்தின் அதிகாரி எவருக்காவது நீங்கள் உறவினராக இருந்தால் டெண்டர் தரும்போதே அதைச் சொல்லிவிடக் கேட்கிறது. ‘உறவினர்’ யார் என்பதற்கு அது 1956-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் காட்டுகிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 22 உறவுகள் உண்டு. சகோதரியின் கணவர் அதில் இருக்கிறார்; மனைவியின் சகோதரர் இல்லை. தமிழில் இருவரையும் மைத்துனர் என்றே சொல்கிறோம், சட்டமோ ஒருவரைச் சேர்த்து மற்றவரை விட்டுவிட்டது. இதைக் கண்டுபிடித்து, ‘பட்டியலில் இல்லையே, பிறகு ஏன் சொல்ல வேண்டும்?’ என்று வாதிடும் ஆலோசகர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தை நம்ப வேண்டாம்; அவர் பக்கமிருந்து பார்த்தால், நீங்கள் பட்டியலில் இருக்கும் சகோதரியின் கணவர்தான். 2020-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மூலதனக் கொள்முதலுக்கே அத்தகைய உடன்படிக்கையைக் கோருகிறது என்றாலும், 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 175-ஆவது விதி, நலமுரண் (சொந்த நலனும் பணிக் கடமையும் மோதும் நிலை) இருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்று வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அதில் உறவுப் பட்டியல் எதுவும் கிடையாது. அந்த விதியை மீறியதாக முடிவானால், 151-ஆவது விதிப்படி இரண்டு ஆண்டுகள் வரை உங்களை டெண்டர்களிலிருந்து விலக்கி வைக்கலாம்.

தெரிவித்ததாலேயே நீக்கிவிடுவார்களா என்றால், இல்லை. வெளிப்படுத்துவதன் நோக்கம் உங்களை வெளியேற்றுவதன்று, அவரைக் குழுவிலிருந்து விலக்குவது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 4-ஆவது விதி, குடும்பத்தினர் வேலை செய்யும் அல்லது நலன் கொண்டிருக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ஊழியர் கையாளக்கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது. மணமாகிப் போன தங்கையின் கணவர், அதாவது நீங்கள், அந்த விதி சொல்லும் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் நேரடியாக வராமல் போகலாம். அப்படியும் அவர் விலகியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலை உங்களுக்குக் கிடைத்த மறுநாள், இரண்டாவது இடத்தில் நின்ற நிறுவனம் விஜிலன்ஸ் பிரிவுக்கு அனுப்பும் புகாரில் வரையறையா பேசப்படும்? கல்யாண ஆல்பம் பேசப்படும்.

கடிதம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். ‘இந்த டெண்டரை அழைத்திருக்கும் தங்கள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் இன்னார், இன்ன பதவியில் இருப்பவர், என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். எங்கள் நிறுவனத்தில் அவருக்குப் பங்கோ வேறு பண நலனோ இல்லை. இந்தக் கொள்முதலின் எந்தக் கட்டத்திலும் அவர் பங்கேற்காதிருக்க ஆவன செய்யக் கோருகிறேன்.’ இதைத் தொழில்நுட்ப உறையில் வைத்து, நகலில் தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். அவரும் தம் பங்குக்குத் தம் இயக்குநரிடம் தனியே எழுதித் தர வேண்டும். உங்கள் கடிதம் அவருடைய கடமையைத் தீர்க்காது.

ஆனால் ஒன்றை நேர்மையாக யோசியுங்கள். டெண்டரின் டிராயிங்கையோ விவரக்குறிப்பையோ தயாரித்ததில் அவருக்குக் கை உண்டா? பத்து மைக்ரான் துல்லியம் போதுமான ஒரு துளைக்கு ஐந்து மைக்ரான் துல்லியம் வேண்டும் என்று வரைபடத்தில் ஏறியிருக்கிறது, போட்டியிடும் பட்டறைகளில் உங்களிடம் மட்டுமே அதற்கான கிரைண்டிங் இயந்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் மதிப்பீட்டுக் குழுவிலிருந்து விலகுவது பயன் தராது, தீர்ப்பு வரைபடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. அப்படியானால் இந்த டெண்டரை விட்டுவிடுங்கள்.

இனி அந்த வேலைப் பேச்சு. அமெரிக்க விமானப்படையில் கொள்முதலின் உச்சியில் இருந்த டார்லீன் ட்ரூயனின் கதையை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். வானிலேயே எரிபொருள் நிரப்பும் 100 டேங்கர் விமானங்களைப் போயிங்கிடமிருந்து குத்தகைக்கு எடுக்க, 20 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை அவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மகளுக்கும் மகளை மணக்கவிருந்தவருக்கும் அவர் கேட்டதன் பேரில் போயிங் ஏற்கெனவே வேலை கொடுத்திருந்தது. 2002 அக்டோபரில் ஆர்லாண்டோவில், போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸும் அவரும் தனியே சந்தித்து, ஓய்வுக்குப் பின் அவர் போயிங்கில் சேருவது பற்றிப் பேசினார்கள். போயிங் விவகாரங்களிலிருந்து விலகுவதாக அவர் எழுதிக் கொடுத்தது அடுத்த மாதம்தான். ஓய்வுக்குப் பின் அவர் போயிங்கில் சேர்ந்தார்; 2003 நவம்பரில் போயிங் இருவரையும் நீக்கியது. 2004-இல் ட்ரூயனுக்கு ஒன்பது மாதச் சிறை, மறு ஆண்டு சியர்ஸுக்கு நான்கு மாதச் சிறை. டேங்கர் விலையில் போயிங்குக்குச் சாதகமாக நடந்ததை, முதலில் மறுத்த ட்ரூயன், தண்டனையின்போது ஒப்புக்கொண்டார். அவர் கைபட்ட சி-130 சரக்கு விமான மேம்பாட்டு ஒப்பந்தத்தை எதிர்த்துப் போட்டி நிறுவனங்கள் கொடுத்த முறையீடுகள் 2005-இல் ஏற்கப்பட்டன. 2006-இல் போயிங், இதையும் வேறொரு விவகாரத்தையும் சேர்த்து, 615 மில்லியன் டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது தேதிகளின் வரிசை. வேலைப் பேச்சு முதலிலும் விலகல் கடிதம் பிறகும் வந்தது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதும் அதே வரிசைதான். அதிகாரி ஒருவருக்கு எதிர்கால வேலை என்ற நம்பிக்கையை, அவர் முன் உங்கள் கோப்பு இருக்கும்போது தருவது, ஊழல் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் முறையற்ற ஆதாயமாகத் தெரியக்கூடும். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு.

ஆகவே அந்தப் பேச்சை இன்றே நிறுத்திவிடுங்கள். ‘பிறகு பார்ப்போம்’ என்றுகூடச் சொல்லி வைக்க வேண்டாம். அவர் மத்திய அரசுப் பணியின் உயர் நிலையான ‘ஏ’ பிரிவு அதிகாரியாகத்தான் இருப்பார். எனவே ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் சேர அரசின் முன் அனுமதி வேண்டும். கடைசி மூன்று ஆண்டுப் பணியில் அவர் எந்த இரகசியத் தகவலை அறிந்திருந்தார், அந்தப் பணிக்கும் சேரப்போகும் நிறுவனத்தின் நலனுக்கும் முரண் உண்டா என்றெல்லாம் பார்த்த பிறகே அனுமதி தருவார்கள். இந்த டெண்டரில் நீங்கள் போட்டியிடுவதானால், அந்த ஓராண்டு முடிந்து, இந்த ஒப்பந்தத்தின் கடைசி பில்லும் தீர்ந்த பிறகு மட்டுமே அவரிடம் வேலையைப் பற்றி வாய் திறங்கள்.