தீபாவளி ஆர்டர் தாமதமானால் வாடிக்கையாளரின் நம்பிக்கையை எப்படிக் காப்பது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) ரவிக்கை தைக்கும் சிறு கடை, தீபாவளி நெருக்கத்தில் ஆர்டர்கள் தள்ளிப்போகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

"நாளைக்கு வாங்கக்கா" என்ற பதில்தான் பேரைக் கெடுக்கும். தாமதம் தெரிந்த அன்றே வாட்ஸாப்பில் சொல்லிவிடுங்கள்: வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எதனால், புதிய தேதி எது. ஆரி போடும் மரச்சட்டகத்தில் மாட்டியிருக்கும் அவருடைய துணியையே படமெடுத்து அனுப்புங்கள். புதிய தேதியைத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாம் முறை தள்ளினால் யாரும் நம்பமாட்டார்கள்.

தடை பெரும்பாலும் தையலில் இல்லை, ஆரியில்தான். அது முழுக்கக் கைவேலை. ஆளைக் கூட்டினாலும் ஒரே ரவிக்கையில் தையலின் இறுக்கம் மாறி, இரண்டு கையும் இரண்டு விதமாகத் தெரியும். ஆகவே ஆரிக்காரரின் காலி நாட்களைப் பார்த்தே ஆர்டர் எடுங்கள். ரசீதில் உடுத்தும் தேதியையும் எழுதி, அந்த வரிசையில் தையுங்கள். அவசரத்துக்காகப் பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள்; முதல் சலவையிலேயே சுருங்கி, மேல்துணி சுளிக்கும்.

தேதி பேசாத வேலையையும் நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். முடியாது என்று தெரிந்தால், வேறு கடையில் தைக்க நேரம் இருக்கும்போதே துணியையும் முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.