கொடுக்காப்புளியை மலையில் விதைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். பின்வேலியில் தாத்தா காலத்துக் கொடுக்காப்புளி மரம் ஒன்று நிற்கிறது. காம்பவுண்டு கட்ட வேண்டும், வெட்டு என்கிறார்கள் வீட்டில். அதற்கு ஈடாக இதன் விதைகளை விதைப்பந்தாக்கி, நண்பர்களோடு சேர்வராயன் மலைச்சரிவில் போடலாம் என்றிருக்கிறேன். நம் மண்ணின் காட்டுப்பழம் காட்டிலேயே வளரட்டுமே. என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

மரத்தை வெட்ட வேண்டாம், விதையை மலைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

கொடுக்காப்புளிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஸ்பானியர்களோடு பிலிப்பைன்ஸ் போய், அப்புறம் இந்தப் பக்கம் வந்தது. 1790களில் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவர நூலிலேயே இதன் படம் இருக்கிறது. வந்த மரம் குடியேறியது வேலியில். முள் இருப்பதால் மாடு உள்ளே நுழையாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும், மழை பொய்த்தாலும் தாங்கும். விவசாயிக்கு வேறென்ன வேண்டும்?

மலைச்சரிவு அப்படியில்லை. நாவலும் நெல்லியும் அங்கே யாரும் நடாமலே காய்க்கின்றன. அவற்றுக்கு நடுவே கிளியும் மைனாவும் தின்று பரப்புகிற ஒரு வெளிமரத்தை விட்டுவிட்டால், பிறகு பிடித்து நிறுத்துவது யார்? சீமைக்கருவேலத்தில் பட்டது போதாதா? காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் அனுமதியும் வாங்க வேண்டும்.

வேலி மரத்தை வேலியிலேயே வைத்திருங்கள். சுவரை அந்த இடத்தில் இரண்டடி வளைத்துக் கட்டச் சொல்லுங்கள், கொத்தனார் முணுமுணுப்பார், கட்டிவிடுவார். காய் சிவந்து, சுருண்டு, தானே வெடிக்கும்வரை தொரட்டியை எடுக்காதீர்கள். முன்னாலேயே பறித்தால் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு விதை விளையாட்டையும் சொல்லிக்கொடுங்கள்: கறுப்புத் தோலை நகத்தால் உரிக்க வேண்டும், அடியிலிருக்கும் காப்பி நிறத் தோல் கிழியக் கூடாது. முழுசாக எடுத்தால் நினைத்தது நடக்கும். பருப்பு ஒரு புள்ளி தெரிந்தாலும் போச்சு! நான் நினைத்தவையெல்லாம் ஏன் நடக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

மிச்ச விதையை நண்பர்களின் தோட்டத்து வேலியோரம் ஊன்றலாம். தாய்மரத்தின் ருசி அப்படியே வரும் என்று மட்டும் நம்ப வேண்டாம், விதைக்கன்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். அதே இனிப்பு வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான். காய்ப்பு முடிந்ததும் பாதைப் பக்கம் நீளும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். கழித்ததை எரிக்காமல் ஆடு வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள், முள்ளை ஒதுக்கிவிட்டுத் தழையை உருவித் தின்றுவிடும்.