மோட்டார் பேரிங் தப்பியது, பம்ப் பேரிங் போனது ஏன்?

வணக்கம். டிரைவில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடும் 110 கிலோவாட் மோட்டாருக்கு இரு பக்கமும், மின்சாரம் கடக்காதபடி பூச்சிட்ட இன்சுலேட்டட் பேரிங் போட்ட பிறகு பம்ப் பேரிங் இரைகிறது, கழற்றிப் பார்த்தால் ஓடுபாதையில் வரிவரியாகக் கோடுகள் என்கிறீர்கள். பெரும்பாலும் அது மின்னோட்டம் கடந்த தடம்தான். கிரீஸை மாற்றிப் பயனில்லை.

மோட்டாருக்குள் வழி அடைபட்டதால், டிரைவால் ஷாஃப்டில் சேரும் மின்னழுத்தம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் வழியாகப் பம்ப் பேரிங்கில் இறங்குகிறது. கப்ளிங் பக்கம் ஷாஃப்டை மோட்டார் உடலோடு இணைக்கும் கிரவுண்டிங் ரிங் போடுங்கள். உங்களிடம் விடுபட்டது அதுதான் என்று நினைக்கிறேன். இருக்கும் பேரிங்குகளைக் கழற்ற வேண்டாம். முடிந்தால் கப்ளிங்கும் இன்சுலேட்டட் ஆக இருக்கட்டும்.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவி நல்ல அளவு காட்டுகிறது என்று பேரிங்கின் பூச்சை முழுதாக நம்பிவிடாதீர்கள். அது டிசி சோதனை. டிரைவின் உயர் அதிர்வெண்ணில் அந்த மெல்லிய அலுமினியம் ஆக்சைடு பூச்சு கெப்பாசிட்டராகி மின்னோட்டத்தைக் கொஞ்சம் விட்டுவிடும். பீங்கான் உருண்டை கொண்ட ஹைப்ரிட் பேரிங் இதில் மேல்.

அப்புறம், செலவு செய்வதற்கு முன் ஒன்று: மோட்டார் கேபிளின் ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) இரு முனையிலும் சுற்றளவு முழுக்க எர்த் ஆகியிருக்கிறதா, மோட்டார் உடலும் பம்ப் உடலும் பட்டையான எர்த் கம்பியால் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.