நாயோடு அவுட்பேக் பயணம்: வண்டி நின்றால் யார் வருவார்கள், செலவு யார் தலையில்?

கேள்வி: ஜூலை விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியான அவுட்பேக்குக்குக் கிளம்புகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முப்பது கிலோ லாப்ரடார் ஜிம்மி. பழைய பஜேரோ, பின்னால் கேம்பர் டிரெய்லர். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், மரீ, ஊட்னடாட்டா டிராக் என்ற மண்சாலை, கூபர் பீடி, உலுரு என்று போட்டிருக்கிறோம். வண்டி நின்றால் உதவிக்கு வரும் மோட்டார் கிளப்பின் அடிப்படை ரோட்சைட் மெம்பர்ஷிப் கையில் இருக்கிறது. நாடு முழுக்கச் செல்லும் என்கிறார்கள். இது போதுமா? நடுவழியில் வண்டி நின்றால் ஜிம்மியை என்ன செய்வது?

பதில்: நாடு முழுக்கச் செல்லும் என்பது உண்மைதான். விக்டோரியாவில் ஆர்ஏசிவி, தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆர்ஏஏ, வடக்குப் பிரதேசத்தில் ஏஏஎன்டி என்று மாநிலத்துக்கு ஒரு கிளப். ஒன்றின் உறுப்பினர் வெளிமாநிலத்தில் மாட்டிக்கொண்டால் அந்த ஊர் கிளப் உதவிக்கு வரும். எல்லாவற்றுக்கும் 13 11 11 என்ற ஒரே எண்தான். ஆனால் யார் வந்தாலும் உங்கள் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவரைதான் செய்வார்கள். அடிப்படைத் திட்டங்களில் வண்டியை இலவசமாக இழுத்துச் செல்லும் தூரம் பெரும்பாலும் சில பத்துக் கிலோமீட்டரோடு முடிந்துவிடும். மெல்பர்னுக்குள் அது தாராளம். மரீயிலிருந்து வில்லியம் கிரீக் சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து கூபர் பீடி இன்னொரு 165. வில்லியம் கிரீக் என்பது ஒரு பப்பும் சில வீடுகளும்தான். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் கணக்கில் ஏறும், பில் ஆயிரங்களில் வரும். எனவே இந்த ஒரு வருடத்துக்காவது மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மாறினால் போதும் என்று நினைக்காதீர்கள். மாறிய உடனே கூடுதல் பலன்கள் அமலுக்கு வராத திட்டங்கள் உண்டு.

மேல்நிலைத் திட்டத்திலும் இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். முதலாவது சாலை. சாதாரண கார் போகக்கூடிய பொதுச் சாலைக்குத்தான் வருவார்கள். ஓடைப் படுகையிலோ மணலிலோ சக்கரம் புதைந்து நிற்பது அவர்கள் கணக்கில் பழுதே அல்ல. அதை மீட்க வருபவர் தனி, கூலியும் தனி. மழை பெய்தால் ஊட்னடாட்டா டிராக்கை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போய் நின்றால் அபராதமும் உண்டு, சாலை திறக்கும்வரை டோ டிரக்கும் வராது. இரண்டாவது டிரெய்லர். மெம்பர்ஷிப் பஜேரோவுக்கா, பின்னால் வரும் டிரெய்லருக்கும் சேர்த்தா? டிரெய்லரை நடுக்காட்டில் விட்டுவிட்டுக் காரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால், படுக்கை, சமையல் அடுப்பு, ஜிம்மியின் சாப்பாடு எல்லாம் ரோட்டோரத்தில் கிடக்கும்.

இனி ஜிம்மி. நான் புரட்டிப் பார்த்த எந்தத் திட்டத்தின் பலன் பட்டியலிலும் நாய்க்கு என்று ஒரு வரி இருந்ததில்லை. காரை ஏற்றிச் செல்லும் டில்ட் டிரே லாரியின் கேபினில் பெரும்பாலும் ஓட்டுநர் போக இரண்டு பேர் உட்காரலாம். நீங்கள் நான்கு பேர், கூடவே முப்பது கிலோ ரோமம். மேலே ஏற்றிய காருக்குள் ஆட்கள் உட்கார்ந்து போவதற்கு அனுமதி கிடையாது. நாயைக் கேபினில் காலடியில் படுக்க வைத்துக்கொள்ளலாமா என்பது அந்த ஓட்டுநரின் விருப்பம். ஊரில் நாய் வளர்ப்பவராக இருந்தால் ஏற்றிக்கொள்வார். இல்லை என்று சொன்னால் அவரோடு சண்டை போட உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

மேல்நிலைத் திட்டம் தரும் மற்ற இரண்டு சலுகைகளும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கும். வண்டி சரியாகும்வரை மோட்டல் அறை தருவார்கள், மோட்டலோ பெரும்பாலும் நாயைச் சேர்க்காது. மாற்றுக் கார் தருவார்கள், வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் நாயை ஏற்றாதே என்று சொல்லும். ஆகவே கிளம்பும் முன்பே கிளப்பை அழைத்துக் கேளுங்கள்: நாங்களே நாயை அனுமதிக்கும் கேரவன் பார்க்கில் கேபின் எடுத்துத் தங்கினால் அந்த ரசீதுக்குப் பணம் தருவீர்களா? ஆட்கள் நான்கு, நாய் ஒன்று என்று முதல் அழைப்பிலேயே சொன்னால் அதற்கேற்ற வண்டி அனுப்புவீர்களா? அப்படி அனுப்பினால் தனிக் கட்டணமா? போனில் கிடைக்கும் பதிலை அப்படியே நம்பாமல், "இன்று இன்னார் இப்படிச் சொன்னார், சரிதானே?" என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த நான்கு வரிதான் பேசும். மடித்து வைக்கும் துணிக்கூடு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் அமைதியாகக் கிடக்கும் நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் அதிகம்.

உங்கள் வழித்தடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இகாரா-ஃபிளிண்டர்ஸ், காட்டி தாண்டா-லேக் அயர், உலுரு-காட்டா ஜூட்டா, மூன்றும் தேசியப் பூங்காக்கள். உதவி நாய்கள் தவிர மற்ற நாய்களுக்கு உள்ளே அனுமதியில்லை. ஒருவர் ஜிம்மியோடு வெளியே இருக்க, மற்றவர்கள் மாறி மாறிப் போய்வர வேண்டியிருக்கும். காருக்குள் பூட்டிவிட்டுப் போகும் யோசனை வேண்டவே வேண்டாம்.

வண்டி நின்றுவிட்டால்? ரோட்டை விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள். கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜிம்மிக்குக் கயிறு மாட்டுங்கள். பல டிரெய்லர்களை இழுத்து வரும் ரோட் டிரெய்ன் லாரிகள் ஐம்பது மீட்டருக்கு மேல்கூட நீளம் இருக்கும், நாய்க்காக அவற்றால் பிரேக் போட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. காட்டு நாய்க்கும் நரிக்கும் பண்ணைகளில் 1080 என்ற விஷத்தை இறைச்சித் துண்டில் வைத்துப் போடுகிறார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வறண்ட பூமியில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். லாப்ரடார் எதையும் மோந்து பார்த்துவிட்டு விடுகிற ஜாதி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அது ஏற்றுக்கொண்டால் கூடைவடிவ வாய்க்கவசம் போடுங்கள். போர்ட் அகஸ்டாவுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் இடையே 1,200 கிலோமீட்டர் இருக்கிறது. அவசரத்துக்குக் கால்நடை டாக்டர் கிடைப்பார் என்ற நம்பிக்கையில் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டாம்.

சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள். நாய் கதவின் மேல் காலை வைத்துப் பூட்டும் பட்டனை அமுக்கிவிட, ஆள் வெளியே நாய் உள்ளே என்று நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. நகரத்தில் என்றால் கிளப் ஆள் அவசரமாக ஓடி வருவார். மரீக்கு அப்பால் கல்லை எடுத்துக் கண்ணாடியை நீங்கள்தான் உடைக்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்குப் பத்து லிட்டர் என்று வையுங்கள். முப்பது கிலோ நாய் சாதாரணமாக நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். அதை இரட்டிப்பாக்கிக் கணக்கிடுங்கள். ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவில்தான் குளிர் வாட்டும். ஜிம்மிக்கும் ஒரு கம்பளி எடுத்துப் போங்கள்.

எதற்காகவும் வண்டியை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். 2019 நவம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே ஹியூ ஆற்றுப் படுகையில் ஒரு கார் மணலில் புதைந்தது. மூன்று பேர், கூட ஒரு நாய். சில நாள் காத்திருந்துவிட்டு இருவர் உதவி தேடி நடந்தார்கள். வண்டியிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் தண்ணீர் கிடந்த இடத்தில் தங்கியவரை இரண்டு வாரம் போலக் கழித்து உயிரோடு மீட்டார்கள். நடந்துபோன இருவரில் ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார். வானத்திலிருந்து தேடுபவர் கண்ணில் காரும் டிரெய்லரும் படும், நடக்கும் மனிதர் படமாட்டார்.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்துக்கு என்ன வாங்குவது? பிஎல்பி போதும் என்கிறார் நண்பர், சாட்டிலைட் போன் வேண்டும் என்கிறாள் மகள், என் ஐபோனே போதும் என்கிறேன் நான்.

பதில்: மூன்றும் மூன்று வேலை. பிஎல்பி (பர்சனல் லொகேட்டர் பீக்கன்) என்பது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அமுக்க வேண்டிய பட்டன். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்புக் குழுவுக்கு நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான். மாதச் சந்தா கிடையாது. வாங்கியதும் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். பழையதை யாராவது மலிவாகத் தந்தால் பேட்டரி காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஓட்டைக்கும், நாயின் காலில் குத்திய முள்ளுக்கும் அதை அமுக்கக் கூடாது.

பழுது என்றால் இருவழியாகப் பேச ஒன்று வேண்டும். என் வாக்கு, குறுஞ்செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சருக்கு. பயணம் போகும் மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டும் திட்டம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ இடம், பழுது, ஆட்கள் எண்ணிக்கை, நாய் என்று செய்தி அனுப்பினால் அவர் கிளப்போடு பேசிக்கொள்வார். சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுப்பதானால் ஒரு விஷயத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: 13, 1300 என்று தொடங்கும் எண்களுக்குப் பல சாட்டிலைட் போன்களிலிருந்து அழைப்பு போகாது. கிளப்பின் சாதாரண எண்ணை வாங்கி, தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

ஐபோன் 14-லிருந்து அவசர உதவிக்குச் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி 2023 முதல் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்த போனை நம்பி இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போக நான் சம்மதிக்க மாட்டேன். இது எல்லாவற்றையும்விட மலிவான உதவி, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோ. 40-ஆம் சேனலில் லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொண்டே போவார்கள்.

கேள்வி: பயணத்துக்கு முன் மெல்பர்னில் ஒரு வர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் ஹோஸ்களும் வாட்டர் பம்பும் மாற்றினோம். ஸ்டூவர்ட் ஹைவேயில் ஹோஸ் கழன்று எஞ்சின் சூடாகி நின்றுவிட்டது. கூபர் பீடி மெக்கானிக் சரிசெய்தார். இப்போது பழைய வர்க்‌ஷாப், "வண்டியை எங்களிடம் கொண்டுவந்திருக்க வேண்டும், வேறு ஆள் கை வைத்ததால் வாரண்டி போச்சு" என்கிறது. மூன்று இரவு கேபின் வாடகை, டோ செலவு, எதுவும் கிடைக்காதா?

பதில்: வாரண்டி அட்டையை ஓரமாக வையுங்கள். 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பொருத்தும் பாகமும் தரமாக இருக்க வேண்டும். வர்க்‌ஷாப் எழுதித் தரும் எந்த நிபந்தனையும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

அதே சமயம் அவர்கள் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. சிறிய குறையென்றால் சரிசெய்ய அவர்களுக்கு முதலில் ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ, வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம். ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: கூபர் பீடியில் வேலையைத் தொடங்கும் முன் அவர்களுக்குச் சொன்னீர்களா? போன் அழைப்புப் பதிவு, குறுஞ்செய்தி எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஓடாத வண்டியை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இழுத்துத் திருப்பிக் கொண்டுவா என்பது நியாயமான பரிகாரம் ஆகாது என்று வாதிடலாம்.

ஆதாரம் அந்த ஹோஸ்தான். கழன்ற ஹோஸையும் அதன் கிளாம்பையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கினீர்களா? கிளாம்ப் திருகு முழுக்க முறுக்கப்படாமல் இருந்ததா, ரப்பரில் கிளாம்ப் அழுந்திய தடம் விளிம்பில் இருக்கிறதா, உரிய இடத்தில் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே யார் தவறு என்று தெரிந்துவிடும். வாங்காவிட்டால் இன்றே அவரை அழைத்து, குப்பைத் தொட்டியில் தேடச் சொல்லுங்கள். தான் கண்டதை அவர் இரண்டு வரி எழுதித் தந்தால் இன்னும் நல்லது.

டோ செலவும் கேபின் வாடகையும் பின்விளைவு நட்டம் என்ற வகையில் வரும். இப்படி ஆகும் என்று அவர்கள் முன்கூட்டியே ஊகித்திருக்கக்கூடிய நட்டமாக இருந்தால் கேட்கலாம். "அவுட்பேக் போகிறோம், டிரெய்லர் இழுக்கிறோம்" என்று வேலைச் சீட்டில் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். இனி பயணம் கிளம்பும் எல்லோரும் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக் கேளுங்கள், நாய் வருவதையும் சேர்த்து. நாயை விடுதியில் விட்ட ரசீதையும் அப்போது கூசாமல் நீட்டலாம். கிடைத்தே தீரும் என்று உறுதி தர மாட்டேன், கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. தொகையைக் கூட்டி, ரசீதுகளை இணைத்து, பதினான்கு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறை, அதன் பிறகு விகாட் என்ற விக்டோரியா மாநில சிவில் தீர்ப்பாயம். வக்கீல் இல்லாமலே போகலாம்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து நாயைச் சத்தமில்லாமல் கூட்டிப் போனால் என்ன?

பதில்: வண்டி ஓடும்வரை ஒன்றும் ஆகாது. நின்றுவிட்டால், உதவிக்கு வருபவர் வாடகைக் கம்பெனியின் ஆள். ஒப்பந்தத்தை மீறியதாக எழுதுவார். முன்பணத்தில் சுத்தம் செய்யும் கட்டணம் பிடிப்பார்கள். ஒப்பந்த மீறலைக் காட்டி விபத்துப் பாதுகாப்பையே மறுக்கப் பார்த்தால் தலைவலி பெரிது. நாயை அனுமதிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், மண்சாலையில் ஓட்டலாமா என்பதையும் கூடவே கேளுங்கள். தார்ச்சாலைக்கு மட்டும் என்றால் ஊட்னடாட்டா டிராக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, ஸ்டூவர்ட் ஹைவே வழியாகவே கூபர் பீடி போய் வாருங்கள்.